துவைக்காத தலையணை உறை

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். இதில் வாதாட ஒன்றுமில்லை. ஒற்றை ஆள் மடித்தால் துணி தரையில் புரளும், ஓரம் ஓரத்தோடு சேராது, நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் நின்று, முனைகளைப் பிடித்து வெடுக்கென்று ஓர் உதறு உதற வேண்டும். உதறின காற்று அடங்குவதற்குள் பாதியாக மடக்கி, இன்னொரு தரம் இழுத்துவிட்டு நடக்க வேண்டும். இவர் அவரைப் பார்த்து, அவர் இவரைப் பார்த்து. நடுவில் கைகள் சேருகிற இடத்தில் ஒருவர் தன் முனைகளை மற்றவரிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, தொங்குகிற மடிப்பை எடுக்க வேண்டும். கல்யாணமான புதிதில் தொடங்கினது. இப்போது மகளுக்கே காதோரம் நரைத்துவிட்டது. நீலமும் அவர் பெண்டாட்டியும் அந்த லாண்டரிக்குள் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் ஏதாவது ஒரு கடலில் போய் முட்டியிருப்பார்கள்.

நீலம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டுப் போட்டு நகக்கண்ணெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டதால் தெருவில் வைத்த பெயர். மனுஷன் யாரையும் நம்ப மாட்டார். வானத்தை நம்ப மாட்டார், வானிலைச் செய்தி வாசிக்கிறவரை அதைவிட நம்ப மாட்டார். சோப்பு மூட்டை வந்தால் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்கச் சொல்வார். வாய்க்கும் மனசுக்கும் நடுவில் கதவு கிடையாது. நினைத்தது அப்படியே வெளியே வந்து விழும், யார் கால் மேல் விழுகிறது என்று பார்க்கிற பழக்கமும் இல்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே மூட்டம். துணி வெளியே காயாது என்பதால் உள்ளேயே கொடி கட்டி, கொதிதொட்டிக்குப் பக்கத்தில் விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆவியில் சுவர் வியர்த்தது. அலமாரி மேல் ரேடியோ தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. அது பெண்டாட்டியுடைய ரேடியோ. நீலத்துக்கு அது ஓடுகிறதா நிற்கிறதா என்பதே தெரியாது. மெஷின் இரைச்சல் மாதிரி அதுவும் ஓர் இரைச்சல்.

லாட்ஜ் விரிப்பு ஒன்றை உதறிப் பாதி மடக்கியிருந்தார்கள். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் குரலைத் தாழ்த்தினார். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிற அந்தப் பாட்டுக்காரர் விடியற்காலையில் இறந்துவிட்டாராம்.

அவள் நின்றுவிட்டாள். விரிப்பு நடுவில் தொய்ந்தது.

“என்ன நின்னுட்டே?”

“செத்துட்டாராம்.”

“எவனோ செத்தான். நமக்கென்ன? துணியைப் பிடி.”

அவள் அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் விட்டாள். கை நழுவவில்லை. விட்டாள். துவைத்து, அலசி, நீலம் போட்டு, கஞ்சி போட்டுக் காயவைத்த விரிப்பின் ஒரு பாதி ஈரத்தரையில் போய் விழுந்தது. இத்தனை வருஷத்தில், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மடித்த நாளில் கூட, அவள் தன் முனையை விட்டதில்லை.

“ஏய், தரை ஈரம்!” என்று கத்தினார் நீலம்.

அவள் பின்கட்டு அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் அவர் தன் முனைகளைப் பிடித்தபடியே நின்றார். பிறகு விழுந்த பக்கத்தைச் சுருட்டித் தொட்டியில் எறிந்துவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தார். ஒரு பக்கத்து முனைகளைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு மறுபக்கத்தை இழுத்துப் பார்த்தார். ஆணி இழுத்தால் இழுபடுமே தவிர நடந்து வராது. அதற்கும் அவர் ஆணியைத்தான் திட்டினார்.

பஸ் டெப்போவில் டிக்கெட் கொடுக்கிற மகள் வேலை முறை முடிந்து, நனைந்த குடையோடு நேராக இங்கேதான் வந்தாள். வாசலிலேயே கேட்டாள்.

“அம்மா எங்கப்பா?”

“துக்கம் விசாரிக்க வந்தியா? உள்ள இருக்கா. புருஷன் கல்லு மாதிரி நிக்கிறேன், எவனுக்கோ அழுதுகிட்டு இருக்கா.”

“எங்க டெப்போவுல டிரைவர் ஒருத்தர் அழுதுகிட்டேதான் வண்டியை எடுத்தார். பின்னாடி உட்கார்ந்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லல.”

“சொல்லணும். கண்ணு தெரியாம எதுலயாவது விட்டிருந்தா?”

“உங்ககிட்ட சொன்னேன் பாருங்க.”

உள்ளே போய்த் தாயோடு என்னவோ பேசிவிட்டு வந்தவள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். “வாங்க, நான் பிடிக்கிறேன். சாயங்காலம் லாட்ஜ் வண்டி வந்துடுமில்ல?”

உதறினார்கள். இவர் உதறும்போது அவள் இழுத்தாள். அவள் மடக்கும்போது இவர் நடந்துவிட்டார். நடுவில் முட்டிக்கொண்டார்கள்.

“எப்பப்பா நடக்கணும்?”

“நடக்குற நேரத்துக்கு நடக்கணும்.”

“அது எந்த நேரம்?”

“அதெல்லாம் சொல்ல முடியாது. கையிலயே தெரியும். உங்கம்மா எப்படிப் பண்றா?”

“அம்மாவுக்கு நீங்க என்ன பண்ணுவீங்கன்னு தெரியும். எனக்குத் தெரியலையே. எண்ணிச் சொல்லுங்க, ஒண்ணு ரெண்டுன்னு.”

அவர் எண்ணிப் பார்த்தார். எண்ணினால் இன்னும் கெட்டது. இத்தனை காலம் எதை வைத்து நடந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. யோசித்தபோதுதான் ஒன்று பட்டது. மடிக்கும்போது பெண்டாட்டி வாய்க்குள் என்னமோ முனகுவாள். உதறலுக்கு ஒன்று, இழுப்புக்கு ஒன்று, நடைக்கு நீளமாக ஒன்று. அவர் அதைக் கேட்டதில்லை. கேட்காமலேயே அதன்படி நடந்திருக்கிறார் போலிருக்கிறது. அவருக்குப் பிடிக்கவில்லை. தன் காலை இன்னொருத்தர் இழுத்துவிட்ட மாதிரி இருந்தது.

“என்னதான் பாடுவா அவ?”

மகள் சிரித்தாள். “நிஜமாவே தெரியாதா? அவர் பாட்டுதான்.” துணியைப் பிடித்தபடியே மெதுவாகச் சொன்னாள்:

*“வராதவன் வந்தாப்போல வாசலிலே காத்து வந்து நிக்குது,*
*உள்ள வா, காத்தே, உனக்கும் ஒரு நாற்காலி இருக்குது.”*

“காத்துக்கு எதுக்கு நாற்காலி?” என்றார் நீலம்.

“அப்பா!”

“கேக்குறேன். காத்து உட்காருமா? உட்கார்ந்தா அது காத்தா? இதை எழுதினவனுக்கா ஊரே அழுவுது?”

அப்போது உள்ளேயிருந்து பெண்டாட்டி வந்தாள். ஓரம் நனைந்த அதே வேலைப் புடவை. முகத்தை மட்டும் கழுவியிருந்தாள். “பஸ் நிலையத்துல எல்லாரும் கூடியிருக்காங்களாம். போயிட்டு வரேன்,” என்றாள், மகளைப் பார்த்து.

“வேலை கிடக்கு,” என்றார் நீலம்.

“கிடக்கட்டும்.”

“எங்க அண்ணன் செத்தப்பவே அரை நாள்தான் மூடினோம்.”

“அன்னிக்கும் நான் முழு நாள் மூடலாம்னுதான் சொன்னேன்,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மகள் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

அவர் தனியாக மிச்சத்தைப் பார்த்தார். விரிப்புகளை மேசை மேல் போட்டு எப்படியோ மடித்தார். வயிறு தள்ளினது தள்ளினபடி இருந்தது. தலையணை உறைகள் சின்னவை, அதற்கு ஒற்றை ஆள் போதும். ஒவ்வொரு கடைத் துணிக்கும் மூலையில் ஒரு நூல் அடையாளம் உண்டு. லாட்ஜுக்குச் சிவப்பு. ஓர் உறையில் நூல் பிரிந்து போயிருந்தது. சிவப்பு நூல் தேடிப் பின்கட்டுக்குப் போனார். நூல், ஊசி எல்லாம் அவள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பாள்.

அடியில் இரண்டு டப்பா இருந்தது. கைக்கு எட்டினதைத் திறந்தார். நூல் இல்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு தலையணை உறை இருந்தது.

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பிரித்தார். மூலையில் சிவப்பு நூல். பழைய தையல், இப்போது வருகிற துணி இல்லை. வெள்ளை மஞ்சளாகிவிட்டிருந்தது. நடுவில் தலை வைத்த இடத்தில் வட்டமாக எண்ணெய்க் கறை, ஊறி இறுகிப்போனது. மோந்து பார்த்தார். தூசி வாசனைதான் வந்தது.

முதலில் கோபம் வந்தது. லாட்ஜ் சாமானை எடுத்து ஒளித்து வைப்பதா? பிறகு கறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க விஷயம் வேறு மாதிரி புரிந்தது. போகாத கறை. துவைத்துப் பார்த்திருக்கிறாள், போகவில்லை. அவரிடம் சொன்னால் கத்துவார் என்று பயந்து ஒளித்து வைத்துவிட்டாள். பதிலுக்கு வீட்டுத் துணியில் ஒன்றைத் தைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டியிருப்பாள். எத்தனை வருஷமாகப் பயந்துகொண்டு அதன் மேலேயே படுத்திருக்கிறாள்! ஒரு லாண்டரி வீட்டில் வெளுக்காத ஒரே துணி அதுதான்.

நீலத்துக்கு மனசு ஒரு மாதிரி இளகிவிட்டது. அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. காலையில் பேசினது கொஞ்சம் கூடுதல்தான் என்று பட்டது. வாயால் அதைச் சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை. கையால் சொல்லலாம்.

இறங்கிவிட்டார். வெந்நீரில் சோடா கரைத்து ஊறவைத்தார். கறை மேல் சோப்பைத் தேய்த்து, விரல் முட்டியால் கசக்கி, மறுபடி ஊறவைத்தார். பழைய எண்ணெய் அவ்வளவு லேசில் விடாது, விட்டுவிட்டு மிரட்ட வேண்டும். தொட்டியில் கொதிக்கவிட்டு, பிளீச்சிங் கொஞ்சமாகக் காட்டி, மூன்று தண்ணீரில் அலசினார். நீலம் போட்டார், பட்டும் படாமலும். மெல்லிய கஞ்சி. அரை ஈரத்திலேயே இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினபோது புஸ்ஸென்று ஆவி கிளம்பி, அடியில் வெள்ளை வெளேரென்று புதுப்பெண் மாதிரி துணி வந்தது. இந்த வருஷத்தில் அவர் கையால் நடந்த நல்ல வேலை அதுதான்.

சிவப்பு நூல் இருந்தால் அது லாட்ஜ் சாமான். மற்ற உறைகளின் நடுவில் அதையும் செருகிக் கட்டினார். லாட்ஜ் வண்டி வந்தது, மூட்டையை ஏற்றிக்கொண்டு போனது. டீ போட்டுக் குடித்துவிட்டு, அவள் வந்ததும் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அவள் தனியாக வரவில்லை.

தூறலில் ஒரு கூட்டமே வந்தது. முன்னால் அவள். பக்கத்தில் மகள். பின்னால் தெருமுனை வெல்டர், கண்ணெல்லாம் சிவந்து, அது அழுததா வெல்டிங் வைத்ததா என்று சொல்ல முடியாது. ஒரு டீச்சரம்மா. முடிவெட்டுகிற கடைக்காரர், கடைச் சாவி கையில் இருக்க அப்படியே வந்துவிட்டவர். இன்னும் முகம் தெரியாத நாலைந்து பேர். வாசலில் வந்து எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

“என்ன, கடையை எரிக்க வந்தீங்களா?” என்றார் நீலம்.

“அண்ணே, கும்பிடுறோம்,” என்றார் வெல்டர். “அக்கா சொன்னாங்க. ஒரு தரம் கண்ணால பாத்துட்டுப் போயிடுறோம்.”

“எதை?”

“அவர் தலை வெச்ச தலையணை உறையை.”

நீலத்துக்குப் புரியவில்லை. மகள்தான் காதோரம் சொன்னாள். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் பாட்டுக்காரர் ஒரு தரம் இங்கே பாட வந்தாராம். லாட்ஜில் தங்கினாராம். மறுநாள் மூட்டை பிரிக்கும்போது, இது அவர் அறைத் துணி என்று லாட்ஜில் பெருக்குகிற பெண் சொல்லி அனுப்பியிருந்தாளாம். அம்மா அந்த உறையை மட்டும் துவைக்காமல் எடுத்து வைத்துக்கொண்டாளாம். யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்குப் பஸ் நிலையத்தில் ஒவ்வொருவரும் ஒன்று சொல்ல, அழுகையில் அவளும் சொல்லிவிட்டாள்.

நீலம் திரும்பி இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார்.

அவள் பின்கட்டுக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் டப்பா இழுபடுகிற சத்தம் கேட்டது. வாசலில் காத்திருந்தவர்கள் நேரம் போவதற்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அந்த நாற்காலிப் பாட்டு இருக்கே, அது எங்க தம்பிக்குன்னே எழுதினது,” என்றார் வெல்டர். “வேலைக்குன்னு போனவன், திரும்பல. எங்கம்மா சாகுற வரைக்கும் அவன் தட்டைக் கழுவிக் கழுவி வெப்பாங்க.”

“நான் என் வீட்டுக்காரருக்குன்னு நினைச்சேன்,” என்றார் டீச்சரம்மா. “இறந்தவருக்கு.”

“எனக்கு யாரும் சாகலை, தொலையலை,” என்றார் முடிவெட்டுகிறவர். “கடை தொறந்த புதுசு. நாலு நாற்காலி வாங்கிப் போட்டுட்டேன், ஒரு ஆள் வரல. அப்ப ரேடியோவுல இது வந்துச்சு. சரி, காத்தாவது வந்து உட்காரட்டும்னு தனியா உக்காந்து சிரிச்சேன். அன்னிக்கு அது வரலைன்னா கடையை மூடியிருப்பேன்.”

மூன்று பேருக்கு மூன்று அர்த்தம். ஒரு பாட்டை இப்படியா எழுதுவது, போகிறவன் வருகிறவனெல்லாம் உட்காரும்படி? நீலம் எதையும் கேட்கிற நிலையில் இல்லை.

அவள் டப்பாவோடு வந்தாள். மூடி திறந்திருந்தது. உள்ளே பிளாஸ்டிக் பை மட்டும்.

“என்னங்க, இதுல இருந்தது?”

“வெளுத்துட்டேன்,” என்றார்.

தொட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

“கறை போகலைன்னு பயந்து வெச்சிருக்கேன்னு நினைச்சேன். எடுத்துட்டேன். ஒரு பொட்டு இல்ல. அப்படி வந்திருக்கு வெள்ளை.” பெருமையாகத் தொடங்கின குரல் பாதியில் இறங்கிவிட்டது. “லாட்ஜ் அடையாளம் இருந்துச்சு. அனுப்பிட்டேன்.”

“ஐயோ!” என்றார் டீச்சரம்மா.

“அவர் தலை எண்ணெயை,” என்றார் வெல்டர், “சோடா போட்டா எடுத்தீங்க அண்ணே?”

“வேற எதைப் போட்டு எடுப்பாங்க?”

கூட்டத்தில் யாரோ பக்கென்று சிரித்துவிட்டு உடனே அழுதார்கள். அவள் மட்டும் காலிப் பையை மடித்து டப்பாவில் வைத்து மூடினாள்.

“லாட்ஜுக்குப் போலாம் வாங்க,” என்றார் வெல்டர். “துணி அங்கதான இருக்கும். வெளுத்தாலும் அதே துணிதான்.”

எல்லாரும் கிளம்பினார்கள். நீலமும் போனார். போகாமல் எப்படி இருப்பது?

லாட்ஜ் மேனேஜர் வழுக்கைத் தலையும் மூக்குக்கண்ணாடியுமாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர், வரவேற்பு அறையில் இத்தனை நனைந்த முகங்களைக் கண்டு எழுந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுத் துணி அறையைத் திறந்துவிட்டார். அலமாரி நிறையத் தலையணை உறைகள். பழையது, புதியது, இன்றைக்கு வந்தது, நேற்று வந்தது, எல்லாம் கலந்து அடுக்கியாகிவிட்டது. எல்லாவற்றிலும் சிவப்பு நூல். எல்லாம் வெள்ளை.

“எது அண்ணே?” என்றார் வெல்டர்.

நீலம் எடுத்துப் பார்த்தார். பழைய துணி என்றால் அங்கே பாதி பழைய துணி. நல்ல வேலை என்றால், தன் நல்ல வேலைக்கு என்ன அடையாளம்? கறை இல்லாததுதான். இங்கே எதிலும் கறை இல்லை.

“தெரியல,” என்றார்.

முடிவெட்டுகிறவர் ஒன்றை மோந்து பார்த்தார். இன்னொன்றை மோந்து பார்த்தார். “எல்லாம் சோப்பு வாசனை,” என்றார் பாவமாக. டீச்சரம்மா ஒன்றை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொன்றாக எடுத்து ஒற்றிக்கொண்டு வைத்தார்கள். அது இதுவாக இருக்கலாம் அல்லவா? மேனேஜர் தடுக்கவில்லை. அவள் மட்டும் எதையும் தொடாமல் கதவோரம் நின்றாள்.

அந்த நேரத்தில் மேனேஜர் நீலத்தின் தோளைத் தொட்டுத் தள்ளிக் கூட்டிப்போய்க் காதில் சொன்னார். “பெரியவரே, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அந்த ஆள் அன்னிக்கு இங்க படுக்கவே இல்ல. பாடி முடிச்சதும் வண்டியேறிப் போயிட்டார். அந்த ரூம்ல தூங்கினது டோலக் வாசிச்ச ஆள். வண்டி வண்டியா எண்ணெய் தேய்ப்பார்.”

நீலம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நம்பலாமா கூடாதா என்று தெரியவில்லை. பொய் சொல்ல அவருக்கு என்ன அவசரம்? உண்மை சொல்லவும்தான் என்ன அவசரம்?

திரும்பி வரும்போது கூட்டம் வழியில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டது. மகளுக்குத் தன் வீடு இருந்தது, போனாள். தெருவில் இவர்கள் இரண்டு பேர்தான். தூறல் நின்றிருந்தது. மேனேஜர் சொன்னது வாய்க்குள் கொதிக்கிற டீ மாதிரி கிடந்தது, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல். சொல்லிவிட்டால் என்ன? அழுததெல்லாம் எவனோ ஒரு டோலக்காரன் தலையெண்ணெய்க்கு என்று தெரிந்தால் கழுத்துச் சுமை இறங்கும். வெளுத்தது குற்றமே இல்லை என்றாகிவிடும்.

“ஒண்ணு சொல்லட்டுமா?” என்றார்.

“நான் ஒண்ணு சொல்றேன் முதல்ல,” என்றாள் அவள். “நம்ம பொண்ணு பள்ளிக்கூடம் போயிட்டிருந்த வருஷம், ஒரு விரிப்பைக் கருக்கிட்டேன். ஞாபகம் இருக்கா?”

“கல்யாண வீட்டு விரிப்பு. இருக்கு.”

“எத்தனையோ நாள் என்கூட நீங்க பேசல. மடிக்கும்போது முகத்தைக்கூடப் பாக்கல. ஒரு நாள் மடிக்க வேண்டிய துணியை அப்படியே கடை நாற்காலி மேல குவிச்சுட்டு, ஒரு பையில ரெண்டு புடவையை எடுத்துகிட்டுப் பஸ் நிலையத்துக்குப் போயிட்டேன். பொண்ணைக்கூடக் கூட்டிக்கல.”

“சோப்பு வாங்கப் போறேன்னு சொன்னே.”

“சோப்பு வாங்கவா புடவையைப் பையில போடுவாங்க? பஸ் நின்னுகிட்டு இருந்துச்சு. டீக்கடையில அந்தப் பாட்டு. நாற்காலின்னு வந்ததும் எனக்கு நம்ம நாற்காலிதான் தெரிஞ்சது. அது மேல துணி குவிஞ்சு கிடக்கே, யாரு வந்தாலும் உட்கார முடியாதேன்னு. திரும்பி வந்துட்டேன்.”

நீலம் நின்றுவிட்டார். “துணி மடிக்கவா திரும்பி வந்தே?”

“எதுக்கு வந்தேன்னு எனக்கே இன்னிக்கு வரைக்கும் தெரியல. எங்கம்மா செத்தப்ப இப்படி அழல. வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அந்த ஆள் இருக்காருன்னா எங்கயோ ஒரு பிடி இருந்த மாதிரி. இப்ப அது இல்ல.”

“அப்ப இத்தனை வருஷம் என் குடும்பத்தை அவனா நடத்தினான்?”

அவள் முன்னால் நடந்தாள்.

“அந்தப் பை?” என்று கேட்டார். கேட்ட பிறகுதான் தன் குரல் அவருக்கே புதிதாகக் கேட்டது. “இன்னும் இருக்கா?”

“பை எங்க போகும்? கதவுக்குப் பின்னாடிதான் தொங்குது. தினமும் பாக்குறீங்களே.”

தினமும் பார்க்கிறார்தான். அதில்தான் வெங்காயம் வாங்கி வருவார்.

கடைக்கு வந்தார்கள். கொதிதொட்டி ஆறிக்கிடந்தது. காலையில் தரையில் விழுந்த விரிப்பை அவர் மறுபடி துவைத்துக் கொடியில் போட்டிருந்தார், காய்ந்திருந்தது. நாற்காலி மேல் வழக்கம்போல் துணிக்குவியல். அவள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்கட்டுப் பக்கம் நடந்தாள். கதவுக்குப் பின்னால் பை தொங்கிக்கொண்டிருந்தது.

நீலம் விரிப்பை உருவி எடுத்தார். ஒரு பக்கத்து முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபக்கம் மேசை மேல் கிடந்தது. ‘பிடி’ என்று சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு என்னவோ வந்தது.

“வராதவன் வந்தாப்போல…” கரகரவென்று, மெட்டும் இல்லாமல், பூட்டைத் திறக்கிற மாதிரி. “வாசலிலே காத்து வந்து நிக்குது…”

கதவுகிட்டே அவள் நின்றாள். அந்த ஆள் எப்போது தன் வாய்க்குள் நுழைந்தான் என்று நீலத்துக்குத் தெரியவில்லை. மகள் ஒரே ஒரு தரம்தான் சொன்னாள், ஒரு தரத்தில் மனப்பாடம் ஆகிற மண்டை அது இல்லை. ஆனால் அடுத்த வரியும் வரிசையாக வந்து நின்றது, இவரைக் கேட்காமல்.

அவள் வந்து முனைகளை எடுத்தாள்.

உதறினார்கள். காற்று அடங்குவதற்குள் மடக்கினார்கள். இழுத்தார்கள். நடந்தார்கள். நடுவில் கைகள் சேர்ந்தபோது அவள் தன் முனைகளைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“லாட்ஜ்ல மேனேஜர் உங்க காதுல என்ன சொன்னார்?”

பிறந்ததிலிருந்து வாயில் வந்ததை வாயிலேயே நிறுத்தாத மனுஷன். இன்றைக்கு அங்கே என்னவோ ஒரு கதவு வந்து முளைத்திருந்தது. அது சாத்துகிற கதவா திறக்கிற கதவா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

“கஞ்சி கொஞ்சம் குறைச்சுப் போடச் சொன்னார்,” என்றார். “கழுத்துல குத்துதாம்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. முனைகளை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பை எடுத்தாள். மடித்ததை மேசை மேல் வைத்தாள். நாற்காலிக் குவியலிலிருந்து அடுத்த விரிப்பை உருவி, ஒரு பக்கத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

“பிடிங்க,” என்றாள்.

அவர் பிடித்தார். காற்றுக்கு எதற்கு நாற்காலி என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.